டெஸ்ட் செட்டை எடுத்து வைத்துவிட்டாயா?

டேட்டா பிராசஸ் ஆன கையோடு ரிஃபைன்மென்டுக்கு ஓடாதே, கொஞ்சம் நில். டெஸ்ட் செட் ஒதுக்கியாச்சா? "அதெல்லாம் புரோகிராமே பார்த்துக்கும் அக்கா" என்கிறாய். பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் உன் கிரிஸ்டலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஆக்செல் ப்ரூங்கர் 1992-இல் நேச்சர் இதழில் சொன்ன யோசனை இது. ரிஃப்ளெக்‌ஷன்களில் ஒரு பங்கை ரிஃபைன்மென்டின் கண்ணில் காட்டாமல் வை. மாடல் அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார். அதுதான் ஃப்ரீ-ஆர். தண்ணீர் மூலக்கூறுகளை இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டால் மீதிப் பங்கை வைத்துக் கணக்கிடும் சாதாரண ஆர் இறங்கிக்கொண்டே போகும், ஃப்ரீ-ஆர் அவ்வளவு சுலபமாக ஏமாறாது. ஒதுக்கிய பங்கு கசியாமல் இருந்தால்தான் இதெல்லாம்.

1. சதவீதத்தைப் பார்க்காதே, எண்ணிக்கையைப் பார். வழக்கமாக 5 சதவீதம் எடுப்பார்கள். ஃபீனிக்ஸ் புரோகிராம் தானாக எடுத்தால் 10 சதவீதம், அதுவும் 2000-க்கு மேல் போகாது. 1000 முதல் 2000 வரை இருந்தால் நிம்மதி. மொத்தமே 4000 ரிஃப்ளெக்‌ஷன் என்றால் 5 சதவீதம் வெறும் 200, அதை வைத்துக் கணக்கிட்ட ஃப்ரீ-ஆர் நிலையாக நிற்காது. அப்போது 10 சதவீதம் எடு. அதுவும் போதாதென்றால் டேட்டாவைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முறைவைத்து டெஸ்ட் செட்டாக்கி, சராசரி பார்.

2. ஒரு தடவைதான் ஒதுக்க வேண்டும். நான் அதிகம் திட்டுவது இதற்குத்தான். அதே கிரிஸ்டல் வடிவத்தில் லிகண்ட் போட்டுப் புது டேட்டா எடுக்கிறாய், உடனே டெஸ்ட் செட்டைக் குறிக்கும் ஃப்ளாக்கைப் புதிதாகப் போட்டுவிடுகிறாய். நீ தொடங்கும் மாடல் பழைய டேட்டாவில் வளர்ந்தது. இன்றைய டெஸ்ட் ரிஃப்ளெக்‌ஷன்களில் பெரும்பாலானவற்றை அது அன்றைக்கே பார்த்துவிட்டது. வினாத்தாளை முன்கூட்டியே படித்தவன் வாங்கும் மார்க்குக்கு என்ன மதிப்பு? பழைய ஃபைலிலிருந்து ஃப்ளாக்கை அப்படியே எடுத்துவா. ரெசல்யூஷன் கூடியிருந்தால் புதிதாக வந்த ரிஃப்ளெக்‌ஷன்களுக்கு மட்டும் சேர். சிசிபி4-இன் ஃப்ரீஆர்ஃப்ளாக்கில் 'கம்ப்ளீட்' என்ற வசதியே இதற்காகத்தான் இருக்கிறது.

3. பழைய ஃபைல் தொலைந்துவிட்டதா? அழாதே. புது ஃப்ளாக் போடு, ஆயத்தொலைகளை நன்றாகக் குலுக்கிவிடு, பி-ஃபாக்டரை ஒரே மதிப்புக்குக் கொண்டுவா, சிமுலேட்டட் அனீலிங் ஓட்டு. மாடலின் பழைய ஞாபகம் பெருமளவு போகும்.

4. ரேண்டம் என்றால் எப்போதும் சரி என்று நினைக்காதே. கிரிஸ்டல் ட்வின் ஆகியிருந்தால், ட்வின் விதிப்படி ஜோடியாகும் இரண்டு ரிஃப்ளெக்‌ஷன்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்றின் செறிவு இன்னொன்றில் கலந்தே இருப்பதால், பிரித்துப் போட்டால் டெஸ்ட் செட் கசியும். அதனால் லாட்டிஸ் தாங்கக்கூடிய உச்ச சமச்சீரில் ஃப்ளாக் போட்டுவிட்டு, பிறகு உன் ஸ்பேஸ் குரூப்புக்கு விரி. பின்னால் ஸ்பேஸ் குரூப்பை உயர்த்த நேர்ந்தாலும் இதுவே காப்பாற்றும். என்சிஎஸ் (ஒரே மூலக்கூறு ஸ்பேஸ் குரூப்பில் சேராத சமச்சீரில் திரும்ப வருவது) அதிகமாக இருந்தாலும் கசிவு உண்டு. வைரஸ் உறையில் ஒரே புரதம் 60 தடவை திரும்ப வரும்போது ஃப்ரீ-ஆர் சாதாரண ஆரை ஒட்டியே நிற்கும். மெல்லிய ரெசல்யூஷன் அடுக்குகளாக ஒதுக்கினால் கசிவு ஓரளவு குறையும், முழுக்கப் போகாது.

5. எந்த எண் டெஸ்ட் என்று பார்த்துவிட்டு ஓட்டு. சிசிபி4 0 முதல் 19 வரை எண் போடும், அதில் 0 டெஸ்ட். சிஎன்எஸ்ஸில் 1 டெஸ்ட், 0 வேலைக்கு. சிஎன்எஸ் ஃபைலை 0-தான் டெஸ்ட் என்று வாசித்தால் 95 சதவீத டேட்டா ஒதுங்கிவிடும், அது உடனே தெரிந்துவிடும். சிசிபி4 ஃபைலில் 1-ஐ டெஸ்ட் என்று வைத்தால் வேறொரு 5 சதவீதம் ஒதுங்கி, உண்மையான டெஸ்ட் செட் ரிஃபைன்மென்டுக்குள் போய்விடும். எதுவும் தப்பாகத் தெரியாது. இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

6. ஃப்ரீ-ஆர் பிடிக்கவில்லை என்று செட்டை மாற்றி மாற்றிப் பார்க்காதே. மாடலைத் திருத்து.

7. பிடிபி-யில் டெபாசிட் செய்யும்போது நீ ரிஃபைன்மென்டில் பயன்படுத்திய அதே ஃப்ளாக்குகள் ஃபைலில் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்துவிட்டு அனுப்பு.