இரத்தக் கொதிப்பு: அளந்தாலன்றித் தெரியாத பகை

உழைத்து உண்போருக்கு உடலே முதல். அம்முதலை அரவமின்றிக் கரைக்கும் நோய், இரத்தக் கொதிப்பு என நாம் வழங்கும் மிகை இரத்த அழுத்தம்.

இருதயம் உந்தும் இரத்தம் குழாய்ச் சுவர்களைத் தாக்கும் விசையே இரத்த அழுத்தம். இருதயம் சுருங்கும்போது உள்ளது மேல் எண். விரியும்போது உள்ளது கீழ் எண். 120/80-க்குக் குறைவாயிருத்தல் நன்று. பன்முறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேற்படின் நோய் எனக் கொள்வர். 180/120-ஐத் தாண்டுவது பேராபத்து. பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இராது. ஆயினும் இறைப்பு எந்திரத்தின் குழாய் மிகை அழுத்தத்தை நெடுநாள் தாங்கி ஒரு நாள் வெடிப்பது போல, மூளையின் இரத்தக் குழாய் வெடிக்கக்கூடும். இருதயமும் சிறுநீரகமும் கண்ணும் பழுதுபடும்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் முடிவு இதற்குச் சான்று. 1944 மார்ச்சில் இருதய வைத்தியர் அவரிடம் கண்ட அளவு 186/108. உப்பையும் சிகரெட்டையும் குறைத்து ஓய்வு கொள்ளச் செய்தனர். அழுத்தத்தைத் தணிக்கும் தக்க மருந்து அக்காலத்தில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்புறம் கடுமையாக வலிப்பதாகக் கூறி நினைவிழந்தார். அப்போது அளவு 300/190. மூளையில் இரத்தம் பெருகி அன்றே மாண்டார், வயது 63.

இந்நோயை வளர்ப்பவை எவை? முதுமை, குடும்ப வழி, மிகுந்த உப்பு, உடற்பருமன், மது, உடலுழைப்பின்மை, நீரிழிவு, சிறுநீரக நோய் என்பன. புகையிலை இதனோடு கூடின் இருதயத்திற்குக் கேடு பெருகும். வயதையும் குடும்ப வழியையும் மாற்ற இயலாது; ஏனையவற்றுள் பலவற்றைத் திருத்தலாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு உட்பட வேண்டும்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்து இன்று தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. எனினும், "உடம்பு நன்றாயிருக்கிறது" என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் உளர். உடம்பு நன்றாயிருப்பது அம்மாத்திரையால் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. திடீரென நிறுத்துவது அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

180/120-க்கு மேற்படின் சற்று இளைப்பாறி மீண்டும் அளந்து பார்க்க. குறையாவிடின் அன்றே டாக்டரை நாடுக. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி இவற்றுள் ஒன்று உடனிருப்பினும் கணமும் தாழ்க்காது ஆஸ்பத்திரிக்குச் செல்க.

சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்விக்கிறோம். அவ்வாறே ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்தறிதல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.