கல்லீரல் நோயாளிக்கு நீர்க்கடுப்பு வந்தால்

நீர்க்கடுப்பு என்றாலே நம் வீடுகளில் கைவைத்தியம் தயாராக இருக்கும். இளநீர், பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு. போதாததற்கு, "தண்ணியை நல்லாக் குடிங்க" என்று வருகிற எல்லோரும் சொல்வார்கள். மற்றவர்களுக்குச் சரி. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்கு இதே வைத்தியம் கெடுதலாக முடியலாம். வயிற்று நீரை வடிக்கக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். எரிச்சலுக்குக் கடையில் தரும் சிரப்கள் பலவற்றில் சோடியம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொன்ன நோயாளிக்கு அது உப்பைக் கொடுப்பது போலத்தான். தண்ணீர் எவ்வளவு என்பதையும் அவருடைய டாக்டரே சொல்ல வேண்டும்.

கல்லீரல் பழுதானால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். அதனால் இவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், புராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கும் திரும்பத் திரும்ப வரும்.

வீட்டார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமலும் தொற்று இருக்கலாம். அது முதலில் மூளையில் தெரியும். வாப்பா பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பார். பேச்சு குழறும். எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறுவார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கும். வயசாகிவிட்டது என்றோ, ஏதோ காற்று பட்டுவிட்டது என்றோ இருந்துவிடாதீர்கள். துஆ ஓதுங்கள்; ஓதிக்கொண்டே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சிறுநீர் குறைந்தாலும், கண் மஞ்சள் கூடினாலும் அப்படியே.

போன தடவை எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். சில ஆன்டிபயாடிக்குகள் கல்லீரலையே பாதிக்கும். பாதியில் நிறுத்திய மருந்துக்கு அடுத்த தடவை கிருமி மசியாமலும் போகும். மருந்து தொடங்குமுன் சிறுநீர் கல்ச்சர் கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், சிறுநீரகம் கெடும். பாராசிட்டமாலும் டாக்டர் சொன்ன அளவில்தான். மலம் இளகக் கொடுக்கும் லாக்டுலோஸை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிக்கடி வெளிக்குப் போவதால் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, பெண்களுக்கு முக்கியமாக, அவசியம்.

ஒளு முறியுமே என்று அசரிலிருந்து மஃரிப் வரை அடக்கி வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று முஸ்லிம் ஷரீஃபில் ஹதீஸே இருக்கிறது. சொட்டுச் சொட்டாக நிற்காமல் கசிபவர்களுக்கும் மார்க்கத்தில் வழி உண்டு. வக்து நுழைந்த பின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளு எடுத்துத் தொழலாம். ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளு. ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முழுவதற்கும் அது போதும்.

நோன்பு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். நீண்ட நேரப் பட்டினி இவர்களுடைய தசையைக் கரைக்கும். இரவில் படுக்குமுன்கூட ஏதாவது சாப்பிடச் சொல்வது அதனால்தான். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை சூரா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்களில் உள்ளது. குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுப்பது பற்றி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பையில் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், நாட்டு மருந்து, கருஞ்சீரக எண்ணெய் உள்பட, கடைசிக் கல்ச்சர் ரிப்போர்ட், கிரியாட்டினின் அளவு எல்லாவற்றையும் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்கவிடுங்கள். நடுராத்திரியில் கூட்டிப் போகிறவர் உங்கள் மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம்.