தணிந்த வேகத்தில் நின்றுவிடும் டீசல் இயந்திரம்: காரணமும் பரிகாரமும்

வயலைச் சேறடிக்கையில் முழு வேகத்துடன் உழைக்கும் இயந்திரம், வரம்பருகே திருப்புவதற்காக வேகப் பிடியைக் குறைத்ததும் இருமுறை விக்கி நின்றுவிடுவதுண்டு. ‘லாண்ட்மாஸ்டர்’ என நம்மவர் வழங்கும் இரு சக்கர உழவு இயந்திரத்திலும், தோட்டத்துக்கு நீரிறைக்கும் டீசல் இயந்திரத்திலும் இக்குறை காணப்படும். அவ்வேளையிற் கமக்காரர் பலர் தணிந்த வேகத்துக்குரிய திருகாணியை முறுக்கி, இயந்திரம் எப்போதும் விரைவாக ஓடும்படி செய்துவிடுகின்றனர். இது நோயை மறைப்பதாகுமேயன்றித் தீர்ப்பதாகாது. மேலும், விரைந்தோடும் இயந்திரத்திற் கிளச்சைப் பொருத்தியதும் உழவு இயந்திரம் துள்ளிப் பாயும். சுழல் கத்தி பூட்டியிருப்பின் ஓட்டுபவரின் காலுக்கே ஆபத்து நேரும்.

தணிந்த வேகத்தில் நிற்பது ஏன்?

டீசல் இயந்திரத்தில் எரிபொருளைக் கொளுத்தத் தீப்பொறி கிடையாது. சிலிண்டரினுள் இறுக அமுக்கப்பட்ட காற்று மிகுந்த வெப்பமடைய, அதனுள் நொசில் வழியாக டீசல் புகையைப் போல் நுண்ணியதாகப் பீச்சப்பட்டு எரிகிறது. நாலடிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடின், 400 தடவை இவ்வாறு டீசல் பீச்சப்படல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் செல்வது சில துளி அளவுகூட அன்று. முழு வேகத்தில் ஒரு தடவை எரியாது தவறினும் பறக்குஞ் சில்லின் விசை இயந்திரத்தை இழுத்துச் செல்லும். தணிந்த வேகத்தில் அவ்விசை குறைவு. ஓரிரு தடவை தவறினால் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே, இன்று தணிந்த வேகத்திற் காணப்படும் குறை, நாளை நட்டநடு வயலில் முழுச் சுமையுடன் நிற்கப்போவதற்கு முன்னறிவித்தலாகும்.

குறிகளை அறிதல்

இயந்திரம் நிற்கும் விதத்தை முதலிற் கவனிக்க வேண்டும். வேகம் ஏறியும் இறங்கியும் தள்ளாடிப் பின் நிற்குமாயின், எரிபொருட் குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். அல்லது கவர்னரின் இணைப்புக் கம்பிகள் அழுக்கேறி இறுகியிருக்கலாம். புகையின்றித் திடீரென நின்றால் டீசல் வந்து சேரவில்லை. வெண்புகையுடன் விக்குமாயின் டீசலில் நீர் கலந்திருக்கலாம்; அமுக்கமும் குறைந்திருக்கலாம். கரும்புகை வருமாயின் காற்று வடிகட்டியையும் நொசிலையும் ஐயுற வேண்டும். காலையில் நன்றாக ஓடிச் சூடேறிய பின் மட்டும் நிற்குமாயின் எரிபொருட் பம்பி தேய்ந்திருத்தல் கூடும். சூடேறிய டீசல் இளகித் தேய்ந்த இடைவெளியாற் கசிந்துவிடுவதே இதற்குக் காரணம்.

சோதிக்கும் ஒழுங்கு

செலவில்லாதவற்றை முதலிலும் செலவுள்ளவற்றைப் பின்னரும் சோதிப்பதே முறை. தாங்கியிலிருந்து தொடங்கி டீசல் செல்லும் வழியே செல்க.

1. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தைப் பார்க்க. அது சேற்றினால் அடைபட்டிருந்தால் டீசல் கீழிறங்காது. மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் இயந்திரம் சரியாக ஓடுமாயின் குறை இதுவே.

2. தாங்கியின் அடியிலிருந்து சிறிது டீசலைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரைமணி நேரம் அசையாது வைக்க. நீர் கலந்திருப்பின் அது அடியிற் றனியே தங்கும். அவ்வாறாயின் தாங்கியையும் வடிகட்டிக் கிண்ணத்தையும் முற்றாக வடித்துத் துப்புரவு செய்க.

3. எரிபொருள் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க. கம்பிவலை வடிகட்டியைச் சுத்தமான டீசலிற் கழுவலாம். கடதாசி வடிகட்டியைக் கழுவாது புதியதை இடுக.

4. குழாயிலுள்ள காற்றை அகற்றுக. எரிபொருட் பம்பியின் காற்றகற்றும் திருகாணியைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வழியும்வரை விட்டுப் பின் இறுக்குக. அடுத்து நொசிற் பக்கத்துக் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி, வேகப் பிடியைத் திறந்துவைத்து, அமுக்கத்தை விடுவித்தபடி கைப்பிடியாற் சுற்றுக. டீசல் குமிழியின்றி வந்ததும் நட்டை இறுக்குக. மீண்டும் சுற்றும்போது நொசிலில் ‘கிறீச்’ என்ற ஓசை கேட்டால் வேலை நிறைவேறிற்று.

5. காற்று வடிகட்டியிலுள்ள பழுதடைந்த எண்ணெயை மாற்றிக் குறித்த அளவுக்கு மட்டும் நிரப்புக. மிகையாக நிரப்பிய எண்ணெய் சிலிண்டரினுள் இழுபட்டு, இயந்திரம் கட்டுக்கடங்காது ஓடவுங் கூடும்.

6. அமுக்கத்தை விடுவிக்காது கைப்பிடியை மெதுவாகச் சுற்றுக. நல்ல இயந்திரம் பலமாக எதிர்த்து நிற்கும். எதிர்ப்புக் குறைவாயின் வால்வு இடைவெளியும் பிஸ்டன் வளையங்களும் சோதிக்கப்படல் வேண்டும். வால்வு இடைவெளியைக் கைந்நூலிற் கூறியபடியே அளக்க வேண்டும்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் இயந்திரம் நிற்குமாயின் மாத்திரமே வேகத் திருகாணியைத் தொடுக. இயந்திரம் நன்கு சூடேறிய பின், சுமையின்றி, கைந்நூலிற் கூறிய வேகத்துக்கு அதனைச் சீராக்குக.

தொடக் கூடாதவை

நொசிலையும் எரிபொருட் பம்பியையும் வயலில் வைத்துப் பிரித்தல் தகாது. தலைமயிரிலும் நுண்ணிய இடைவெளியுடன் அமைந்த அவ்வுறுப்புகளை ஒரு மணற்றுகளும் கெடுத்துவிடும். நொசிலைச் சோதிக்கும் கருவியுள்ள திருத்துநரிடமே அவற்றைக் கொடுக்க வேண்டும். நொசிலிலிருந்து டீசல் பாயும்போது அதன் முன்னே கையை நீட்டலாகாது. நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்துடன் வரும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

வருமுன் காத்தல்

மேற்கூறிய குறைகளிற் பெரும்பாலானவை அழுக்கினாலும் நீரினாலும் வருவன. 2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் டீசலைக் கலன்களிற் சேர்த்து வைத்தனர். அத்தகைய கலன்களின் அடியில் நீரும் துருவும் படிந்திருக்கும். கழுவி உலர்த்தாது பயன்படுத்தலாகாது. கலனிலுள்ள டீசலை ஒரு நாள் அசையாது வைத்து, அடிவண்டலைக் கலக்காமல், மெல்லிய வலையுள்ள புனலால் ஊற்றுக. மண்ணெண்ணெயைக் கலத்தலாகாது. பம்பிக்கும் நொசிலுக்கும் டீசலே மசகாகவும் உதவுகிறது. மண்ணெண்ணெய் அக்குணத்தைக் குறைக்கும். மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைத்தால், இரவிற் குளிரும்போது வெற்றிடத்திற் காற்றின் ஈரம் நீராகப் படிதல் குறையும்.

பெரும்போக மழை தொடங்கிய பின் ஒரு நாள் இயந்திரம் நின்றால் விதைப்பு ஒரு நாள் பிந்தும். பயிர் வாடும் வேளையில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றால் இழந்ததை மீட்க முடியாது. விதைநெல்லைத் தெரிந்தெடுத்து வைப்பதைப் போலவே, போகத்துக்கு முன் ஒரு காலைப்பொழுதை இயந்திரத்துக்கும் ஒதுக்கி வைக்குங் கமக்காரருக்கு இவ்விடர் பெரும்பாலும் நேராது.