கைவினைக் குறிப்புகளின் திரட்டு: சேர்க்கும் முறையும் காக்கும் முறையும்

பழைய புடைவையில் பொம்மை செய்யும் காணொளி, பனையோலைப் பெட்டியின் படம், கொலுப் படிக்கான அலங்காரம், தையல் அளவுகள் என இணையத்தில் காண்பவற்றையெல்லாம் கைப்பேசியில் சேமித்து வைக்கும் வழக்கம் இன்று பல இல்லங்களில் உள்ளது. சில ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்கில் பெருகிவிடுகின்றன. ஆனால் நவராத்திரிக்கு நான்கு நாள் முன்னர், வேண்டிய ஒன்றைத் தேடும்போது அது அகப்படுவதில்லை. பணத்தைச் சேமிப்பவர் வரவையும் இருப்பையும் கணக்கேட்டில் காண்கிறார். யோசனைகளைச் சேமிப்பவருக்கும் அத்தகைய ஏடு ஒன்று தேவை. அதனை அமைக்கும் முறையையும், பாதுகாக்கும் வழியையும், சிறு வருவாய்க்குப் பயன்படுத்தும் வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

1. படம் சொல்லாத செய்தி

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயத்திற்கு அருகே, சாரா கோகன் என்னும் மூதாட்டி நெடுங்காலம் பூத்தையல் கடை நடத்திவந்தார். யூதர் தலையில் அணியும் சிறு தொப்பிகளும், ஓய்வுநாள் விருந்தின் ரொட்டியை மூடும் துணிகளும் அங்கே விற்கப்பட்டன. 2019 ஆகஸ்டு மாதம் தமது 96ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய கைவேலையைப் படம் பிடித்துச் சென்ற பயணிகள் பலர். ஆயினும் எந்த நூல், எத்தனை இழை, எந்தத் தையலை முதலில் இட வேண்டும், ஒரு துணிக்கு எத்தனை நாள் ஆகும் என்பவை படத்தில் தெரிவதில்லை. செய்பவரிடம் கேட்டு எழுதினால்தான் அவை நிலைக்கும்.

நம் பாட்டிமார் இதனை நன்கு அறிந்திருந்தனர். கோல நோட்டில் படத்துக்கு மேலே, ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த வரி இருந்தால், படத்தின் ஒரு மூலை அழிந்திருந்தாலும் கோலத்தை மீண்டும் போட்டுவிடலாம். அந்த வரி இல்லாத கோலத்தைப் புள்ளி எண்ணி எண்ணித்தான் மீட்க வேண்டும். நம் கைப்பேசியில் உள்ள படங்களுள் பெரும்பாலானவை அந்த ஒரு வரி இல்லாதவை.

செய்முறை தெளிவாகப் பகிரப்பட்டால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கும் கொச்சிக்கு அருகிலேயே சான்று உள்ளது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறி நெசவாளர்கள் ஓணம் விற்பனைக்காக நெய்து வைத்திருந்த துணிகள் சேற்றில் மூழ்கின. கறை படிந்த அத்துணிகளைத் தூய்மைப்படுத்தி, வெட்டி, சிறு பொம்மைகளாகக் கட்டும் முயற்சி தொடங்கியது. சேற்றை வென்ற குட்டி என்னும் பொருளில் ‘சேக்குட்டி’ எனப் பெயரிட்டனர். ஒரு புடைவையிலிருந்து ஏறத்தாழ 360 பொம்மைகள். ஒன்றின் விலை 25 ரூபாய். விற்க இயலாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு புடைவை, 9,000 ரூபாய் ஈட்டும் பொருளாயிற்று. செய்முறை எளிதாக இருந்ததாலும் அது இணையம் வழியே பரவியதாலும், தன்னார்வலர்கள் பல இடங்களில் அமர்ந்து இப்பொம்மைகளைச் செய்து தந்தனர்.

2. வகைப்படுத்த ஐந்து கேள்விகள்

நூல்களை வகைப்படுத்துவதில் உலகுக்கு வழிகாட்டியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே சிறு துண்டுகளை வெவ்வேறு விதமாக இணைத்து வண்டியாகவும் பாலமாகவும் ஆக்க முடிவது அவர் கருத்தைக் கவர்ந்தது. ஒரு நூலை ஒரே தலைப்பில் அடைக்காமல், பல கூறுகளின் சேர்க்கையாகக் குறிக்கலாம் என்னும் எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அதன் விளைவு.

அவர் வகுத்த ஐந்து அடிப்படைக் கூறுகள்: முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம். கைவினைத் திரட்டுக்கு இவற்றை ஐந்து கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம்.

• என்ன பொருள்? (பொம்மை, பை, பாய், தோரணம்)
• எதனால் ஆனது? (பருத்தித் துணி, பனையோலை, களிமண், தேங்காய் ஓடு)
• எவ்வாறு செய்வது? (தையல், பின்னல், ஒட்டுதல், வண்ணந்தீட்டல்)
• எவ்விடத்தது? (பத்தமடை, நீலகிரி, சேந்தமங்கலம், இடம் தெரியாவிடில் வெறுமையாக விடலாம்)
• எக்காலத்துக்கு? (கொலு, பொங்கல், ஓணம், திருமணம், செய்ய ஆகும் நேரத்தையும் இங்கே குறிக்கலாம்)

கோப்புறைகளில் மட்டும் அடுக்குவோருக்கு ஓர் இடர் உண்டு. துணியால் ஆன கொலு பொம்மையைத் ‘துணி’ என்னும் கோப்புறையில் இடுவதா, ‘கொலு’ என்பதில் இடுவதா? ஒன்றில் இட்டால் மற்றொன்றில் தேடும்போது கிடைக்காது. மேற்கண்ட ஐந்தையும் அடையாளச் சொற்களாக எழுதிவிட்டால், எந்தச் சொல்லால் தேடினாலும் அப்பொருள் வந்து நிற்கும்.

அடையாளச் சொற்களில் மொழியையும் கருத வேண்டும். கொச்சி கலூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், காணொளியில் ஆங்கிலம். நாம் தாழை என்பதை அங்கே கைத என்பர். நம் பழந்தமிழிலும் அதற்குக் கைதை என்ற பெயர் உண்டு. காணொளியிலோ அது ஸ்க்ரூபைன். மூன்று பெயர்களையும் ஒரே பதிவில் எழுதிவைத்தால், வீட்டில் யார் எம்மொழியில் தேடினாலும் பயன் கிட்டும். பொம்மை, பொம்மைகள், பொம்மலாட்டம் என்று மனம்போனபடி எழுதாமல், ஒரு பொருளுக்கு ஒரே எழுத்து வடிவத்தைக் கையாளுவதும் நலம்.

3. ஏட்டை அமைத்தல்

இதற்கெனக் கட்டணச் செயலி எதுவும் வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் போன்ற அட்டவணை ஒன்றே போதும். எட்டுப் பத்திகள் அமைக்கலாம்: ஐந்து கேள்விகளுக்கு ஐந்து, பார்த்த இடத்தின் இணைப்பும் செய்தவர் பெயரும் ஆறாவது, நிலை ஏழாவது, குறிப்பு எட்டாவது.

‘நிலை’ என்னும் பத்தியில் மூன்றில் ஒன்றை எழுதுக: செய்ய வேண்டும், செய்துகொண்டிருக்கிறேன், செய்து முடித்தேன். திரட்டின் உயிர் இப்பத்தியிலேயே உள்ளது. ஓராண்டுக்குப் பின் பார்க்கும்போது ‘செய்ய வேண்டும்’ என்பதில் முந்நூறும் ‘செய்து முடித்தேன்’ என்பதில் இரண்டும் இருக்குமானால், சேர்ப்பதைச் சிறிது நிறுத்திச் செய்யத் தொடங்கலாம் என்பதை ஏடே உணர்த்திவிடும். நூலகத்தின் முதற் பயன் நூல்களைப் பயன்படச் செய்வதே என்று 1931இல் அரங்கநாதன் வலியுறுத்தியதும் இக்கருத்தையே.

‘குறிப்பு’ என்னும் பத்தியில், செய்து பார்த்தபின் கண்டவற்றை எழுதுக. எடுத்துக்காட்டாக ஒரு பதிவு:

பொருள்: கொலு பொம்மை. மூலப்பொருள்: பழைய பருத்திப் புடைவை. செயல்: கைத்தையல். இடம்: வீட்டு முயற்சி. காலம்: நவராத்திரி, 3 மணி நேரம். நிலை: செய்து முடித்தேன். குறிப்பு: காணொளியில் சொன்ன பஞ்சின் அளவு போதவில்லை, இருமடங்கு தேவை. கழுத்தில் இரட்டை நூல் கட்டுக.

இக்கடைசி இரு வரிகள் எந்த இணையதளத்திலும் கிடைக்காதவை. அவை உங்கள் கை கண்டறிந்தவை. திரட்டிலேயே மதிப்பு மிக்க பகுதியும் அதுதான்.

4. இணைப்பு அறுந்தால்?

இணையத்தில் உள்ளது என்றும் இருக்கும் என்று எண்ணலாகாது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு, பத்தாண்டுகளுக்குப் பின் காணக் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்தியாவில் தடை விதிக்கப்பட்டபோது, அவற்றில் மட்டும் குறித்து வைக்கப்பட்டிருந்தவை உரியவர்களுக்கே எட்டாமற்போயின. ஆகவே, இணைப்பை மட்டும் சேமிப்பது போதாது. செய்முறையை நான்கைந்து வரிகளில் உங்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காணொளி மறைந்தாலும் அவ்வரிகள் துணை நிற்கும்.

படங்களையும் ஏட்டையும் காக்கக் கணினித் துறையினர் கைக்கொள்ளும் ‘3-2-1’ முறை எளியது: மூன்று படிகள், இரு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கைப்பேசியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று என வைக்கலாம். கூகுள் கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கும் 15 ஜிபி இடம், மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. எனவே பெருங் காணொளிகளை அதில் நிரப்ப வேண்டாம். வெள்ளமும் புயலும் காணும் கடலோர மக்களுக்கு, வீட்டுக்கு வெளியே ஒரு படி இருப்பது இன்றியமையாதது.

5. பிறர் உழைப்புக்கு உரிய மதிப்பு

பிறர் வடிவமைத்ததைப் பார்த்துக் கற்பதும், நம் வீட்டுக்காகச் செய்துகொள்வதும் ஒன்று. அதை விற்பது வேறு. ஓவியங்களுக்கும் படங்களுக்கும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காப்பளிக்கிறது. பதிவு செய்யப்பட்ட வடிவமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. நீலகிரியின் தோடர் பூத்தையலும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறிடத்தில் செய்த பொருளை அப்பெயர்களால் விற்பது சட்டத்துக்கு மாறானது. அக்கைவினைஞரின் பிழைப்பையும் கெடுப்பது. ஏட்டின் ஆறாவது பத்தியில் செய்தவர் பெயரை எழுதச் சொன்னதன் காரணம் இதுவே. விற்க விரும்பும் நாளில், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது உங்கள் கையிலேயே இருக்கும்.

6. திரட்டிலிருந்து வருவாய்க்கு

பொழுதுபோக்காகத் தொடங்கிய கைவேலை, அண்டை வீட்டார் கேட்டு வாங்கும் அளவுக்கு வளர்வதுண்டு. அப்போது பலர் துணியின் விலையை மட்டும் கணக்கிட்டுத் தம் உழைப்பை மறந்துவிடுகின்றனர். ஏட்டில் மேலும் சில பத்திகள் சேர்த்தால் இக்குறை நீங்கும். ஒரு கைப்பைக்கான மாதிரிக் கணக்கு இது:

மேல்துணி, உள்துணி, நூல், பொத்தான்: 110 ரூபாய்
உழைப்பு, 3 மணி நேரம், மணிக்கு 75 ரூபாய் வீதம்: 225 ரூபாய்
உறையும் பிற செலவும்: 15 ரூபாய்
மொத்த அடக்கம்: 350 ரூபாய்

இப்பையை 250 ரூபாய்க்கு விற்றால் கையில் 125 ரூபாய் மிஞ்சுவதுபோல் தோன்றும். உண்மையில் மூன்று மணி நேர உழைப்பை மணிக்கு 42 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்திருக்கிறோம். எழுதிப் பார்க்காதவரை இது புலப்படாது.

தொழிலை விரிவாக்க விரும்புவோருக்கு இவ்வேடு மற்றொரு வகையிலும் உதவும். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தையற்காரர், பொம்மை செய்வோர், கூடை மற்றும் பாய் முடைவோர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குப் பிணையின்றி முதலில் 1 லட்சம், அடுத்து 2 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் கடன் பெற வழியுண்டு. முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். தகுதிகளையும் அப்போதைய விதிகளையும் கிளையில் கேட்டறிக. செய்த பொருள்களின் படங்கள், அடக்கக் கணக்கு, விற்பனைக் குறிப்பு ஆகியவற்றுடன் செல்பவர், தம் தொழிலை அலுவலரிடம் தெளிவாக எடுத்துரைக்க இயலும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வீட்டிலிருந்தே கைவினை செய்து மாதந்தோறும் பெரும்பணம் ஈட்டலாம் என்று கூறி, மூலப்பொருளுக்கென முன்பணம் கேட்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பொருளை வாங்குவதாகச் சொல்பவர், பணம் அனுப்புவதற்காகக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடச் சொன்னால், அது மோசடி. யூ.பி.ஐ. ரகசிய எண் பணம் செலுத்துவதற்கே. பெறுவதற்கு அது தேவையில்லை. ஏமாற நேர்ந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

7. ஒரு வாரப் பயிற்சி

முதல் நாள்: சேமித்தவற்றுள் மிகவும் விரும்பும் இருபதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.
இரண்டாம் நாள்: அட்டவணையில் எட்டுப் பத்திகளை அமையுங்கள்.
மூன்றாம், நான்காம் நாள்கள்: நாளொன்றுக்குப் பத்துப் பதிவுகள் எழுதுங்கள்.
ஐந்தாம் நாள்: வீட்டில் கைவேலை அறிந்த மூத்தவர் ஒருவரிடம் ஒரு செய்முறையைக் கேட்டு, அவர் பெயருடன் பதியுங்கள்.
ஆறாம் நாள்: மூன்று படிகள் எடுத்து வையுங்கள்.
ஏழாம் நாள்: இருபதில் ஒன்றைச் செய்து முடியுங்கள், கண்டறிந்ததைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஐந்தாம் நாள் பயிற்சியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மற்றவற்றை அடுத்த வாரமும் செய்துகொள்ளலாம்.