கட்டற்ற இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகை அமைப்பும் மின்பாடத்தின் நம்பகமும்

லினக்சு இயங்குதளம் கொண்ட மடிக்கணினியில் தமிழ் விசைப்பலகையை அமைத்தல் கணினி அறிந்தாரிடம் விடத்தக்க சிறுபணி என்று கருதப்படுகிறது. மின்பதிப்பும் தரவகமும் உருவாக்கும் ஆய்வாளருக்கு அது பாடத்தின் நம்பகத்தோடு தொடர்புடையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இவ்வியங்குதளத்தில் தமிழை உள்ளிட இரு வழிகள் உள்ளன. ஒன்று, எக்ஸ்கேபி எனும் விசைப்படம். விசைக்கு ஓர் எழுத்துக்குறியைத் தருவதே இதன் பணி. முன்னர்த் தட்டிய எழுத்து யாது என்பதை இது அறியாது. மெய், புள்ளி, உயிர்க்குறி ஆகியவற்றைத் தனித்தனியே தட்டும் இன்ஸ்கிரிப்ட் முறைக்கு இது போதும். மற்றொன்று, ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சட்டகத்தின்கீழ் எம்17என் விதிக்கோப்புகளை இயக்குவது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்புக்கு இவ்வழியே பொருந்தும். அதன் விதிகள் சூழல் சார்ந்தவை. அ, ம, ம, ஆ எனத் தட்டின் ‘அம்மா’ அமையும். புள்ளியை மென்பொருளே இடும். ந, த எனத் தட்டினும் ‘ந்த’ என்றே வரும். மயக்கம் வேண்டாதவிடத்து அகர விசையை இடையே தட்டல் வேண்டும்: ‘நகக்கண்’ என்பதற்கு ந, க, அ, க, க, ண, ஃ. மெய்ம்மயக்க இலக்கணத்தின் ஒரு பகுதி விசைவிதியாகியிருப்பது தனியே ஆராயத்தக்கது.

குனோம் பணித்தளத்தில் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்து, அமைப்புகளில் உள்ளீட்டு மூலமாகத் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். சூப்பர் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மொழியை மாற்றலாம்.

அமைத்தபின்னும் ஔகாரம் இடர் தருகிறது. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கு வேறு. ஒருவகையாக உள்ளிட்ட பெயர் மறுவகையான தேடலில் அகப்படாது. சொல்லடைவிலும் அகரநிரலிலும் இடம் பெயரும். ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாகவும், எகரக்குறி, கால் என இரண்டாகவும் சேமிக்க இயலும். ஒருங்குறி இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும். ஔகாரத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. ளகரம் தனியெழுத்தாகவே ஒருங்குறியில் நிற்கிறது.

மொத்தமாக மாற்றிவிடலாம் எனின், ‘ஒளி’, ‘வெள்ளி’, ‘தெளிவு’ ஆகியன சிதையும். ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதவிடத்து மட்டும் மாற்றலாம் என்பார் உளர். செவ்வியல் நூல்களுக்கு இவ்விதி பெரிதும் உதவும். ஆயின் நாட்டார் வழக்காற்றுத் தரவில் ‘விளக்கு’ என்பது ‘வெளக்கு’ என்று வரும். அங்கு இவ்விதியே பிழை விளைக்கும். ஆகவே ஔகார விசையை உள்ளிடும்போதே பயன்படுத்தச் செய்வதும், உள்ளீட்டுமுறையின் பெயரைப் பதிப்புரையில் குறிப்பதும் தேவை. எம்17என் விதிக்கோப்பு வெற்றுரையாக இருப்பதால், எந்த விசை எக்குறியைத் தருகிறது என்பதைப் பதிப்பாசிரியரே திறந்து சரிபார்க்கலாம்.