கமத்துக் கணக்கும் வருமான வரியும்
யாழ்ப்பாணக் குடாநாட்டு நெற்செய்கையாளருக்கும் தோட்டக்காரருக்கும் சில குறிப்புகள்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. கணக்குப் பார்த்தால் மனம் சோர்வடையும், ஆதலால் பாராதிருத்தலே நன்று எனச் சிலர் இதற்குப் பொருள் கொள்வர். ஆனால் உழக்கும் மிஞ்சவில்லை என்பதை அப்பழமொழியைச் சொன்னவர் எவ்வாறு அறிந்தார்? கணக்குப் பார்த்தபடியாலன்றோ அறிந்தார்! எப்பயிரில் உழக்கு மிஞ்சவில்லை, எப்பயிரில் மரக்கால் மிஞ்சியது என்று பிரித்தறிபவரே அடுத்த போகத்தில் தம் நிலத்தையும் நீரையும் தக்க பயிருக்குக் கொடுக்க வல்லவர்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நெல், காலபோகத்தில் மாரி மழையை நம்பி ஒருமுறை விளைகின்றது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, மரக்கறி ஆகியவற்றுக்குச் சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கிய நீரைக் கிணற்றிலிருந்து இறைக்கின்றோம். விதை, எரு, எண்ணெய், மருந்து, கூலி ஆகிய யாவும் பணங்கொடுத்தே பெறப்படுகின்றன. ஆகவே நான்கு பரப்புத் தோட்டம் செய்பவரும் ஒரு சிறு வணிகரே. கடைக்காரர் கணக்கின்றிக் கடை நடத்துவதில்லை. தோட்டக்காரரும் அவ்வாறே கணக்கு வைத்தல் வேண்டும்.

1. விளைச்சல் வேறு, இலாபம் வேறு

முற்காலத்தில் இலங்கையில் நெல்லுக்கு வரி இருந்தது. அது விளைச்சலைக் கொண்டு அறவிடப்பட்டது. கமக்காரருக்கு மிஞ்சியதா, இல்லையா என்பதை அவ்வரி கேட்கவில்லை. அது 1892 ஆம் ஆண்டின் முடிவோடு ஒழிந்தது. வருமான வரி 1932 இல் இந்நாட்டில் அறிமுகமானது. இது விளைச்சலின் மேல் விதிக்கப்படுவதன்று. வரவிலிருந்து செலவைக் கழித்த பின் எஞ்சும் இலாபத்தின் மேல் விதிக்கப்படுவது. செலவைக் காட்ட வேண்டியவர் கமக்காரரே. எழுதி வையாத செலவை எவரும் ஏற்கமாட்டார். ஆகவே கணக்கு இல்லாதவர் இரு வகையில் இழக்கின்றார்: இலாபத்தை அறியாமையால் ஒன்று; இலாபம் இல்லாதபோதும் அதனை மெய்ப்பிக்க இயலாமையால் மற்றொன்று.

2. ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் நான்கு பரப்பில், அதாவது கால் ஏக்கரில், சின்ன வெங்காயம் செய்தார் என்று கொள்வோம். கீழ்க்காணுந் தொகைகள் விளக்கத்துக்காக மட்டும் கொள்ளப்பட்டவை. வாசகர் தத்தம் தொகைகளை இட்டுக் கணக்கிடுக.

சந்தைக்குக் கொண்டு சென்ற வெங்காயம் 1,200 கிலோ. நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு நீக்கி வியாபாரி கணக்கில் எடுத்தது 1,080 கிலோ. கிலோ 200 ரூபா வீதம் வரவு 216,000 ரூபா.

செலவு:
விதை வெங்காயம் — 50,000
உழவும் பாத்தி கட்டலும் — 9,000
எருவும் உரமும் — 24,000
மருந்து — 12,000
இறைப்பு — 15,000
கூலி — 36,000
சாக்கும் ஏற்றுகூலியும் — 8,000
மொத்தம் — 154,000 ரூபா

கையில் மிஞ்சியது 62,000 ரூபா. பெரும்பாலானோர் இவ்விடத்திலே கணக்கை மூடிவிடுவர். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

இறைப்பு இயந்திரம் 60,000 ரூபாவுக்கு வாங்கியது. ஐந்து ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு மூன்று பயிராயின், ஒரு பயிருக்கு அதன் தேய்வு 4,000 ரூபா. நகையை அடைவு வைத்துப் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாவாக மூன்று மாத வட்டி 4,500 ரூபா. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 53,500 ரூபா.

இனி, வீட்டார் தோட்டத்தில் உழைத்த நாட்களை எண்ணுக. இருபத்து நான்கு ஆள்நாட்கள், நாளொன்றுக்கு 2,000 ரூபா எனின் 48,000 ரூபா. அவ்வுழைப்பை வேறிடத்தில் கொடுத்திருந்தால் அத்தொகை கூலியாகக் கிடைத்திருக்கும். அதையும் நீக்கினால் இப்பயிர் ஈட்டிய தேறிய இலாபம் 5,500 ரூபா மட்டுமே.

இதில் இரு பாடங்கள் உள. முதலாவது, வரிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றல்ல. வட்டியும் இயந்திரத் தேய்வும் வரிக் கணக்கில் செலவாகும்; தேய்வுக்குச் சட்டம் விதித்த முறை உண்டு. தாமும் வீட்டாரும் கூலி பெறாது உழைத்த உழைப்பு வரிக் கணக்கில் செலவாகாது. ஆயினும் அடுத்த முறை எப்பயிரைச் செய்வது என்று தீர்மானிக்கும்போது அவ்வுழைப்பை எண்ணியே ஆகவேண்டும்.

இரண்டாவது, கழிவாகப் போன 120 கிலோவின் விலை 24,000 ரூபா. அது தேறிய இலாபத்தின் நான்கு மடங்குக்கும் மேல். நிறுத்த நிறையும், கழித்த நிறையும், விலையும் தனித்தனியே எழுதப்படாவிடின் இவ்விழப்பு கண்ணுக்குத் தோன்றாது. எழுதி வைத்த பலர் ஒன்றுசேர்ந்து பேசும்போதுதான் கழிவு குறையும்; வெறுங்கையோடு முறையிடுபவரின் சொல் சந்தையில் எடுபடாது.

3. கணக்கு எழுதும் முறை

பெரிய பேரேடு வேண்டியதில்லை. பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். கீழ்க்காணும் விதிகளைக் கைக்கொள்க.

(அ) ஒரு பயிருக்கு ஒரு பக்கம் ஒதுக்குக. இடப்புறம் வரவு, வலப்புறம் செலவு. திகதி, பொருள், அளவு, தொகை ஆகிய நான்கையும் எழுதுக.

(ஆ) அன்றன்று மாலையே எழுதுக. வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு ஊகமேயாகும்.

(இ) வீட்டுக்கு எடுத்த நெல், மரக்கறி, அயலாருக்குக் கொடுத்தவை, விதைக்கு ஒதுக்கியவை ஆகியவற்றையும் சந்தை விலைப்படி எழுதுக. சொந்த விதையும் இலவசமன்று, விற்றிருந்தால் பணமாகியிருக்கும்.

(ஈ) உரம், மருந்து, எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டுகளைக் கம்பியில் கோத்து வைக்குக. ஐந்தாண்டுகளுக்குக் குறையாது பேணுதல் நன்று.

(உ) தோட்டப் பணமும் வீட்டுப் பணமும் வெவ்வேறு இடத்தில் இருத்தல் வேண்டும். இயலுமாயின் தோட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்குக.

இவ்வைந்தாம் விதியே பலராலும் மீறப்படுவது. நம் பகுதியில் பல குடும்பங்களுக்கு வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் சகோதரரும் பணம் அனுப்புகின்றனர். அப்பணம் தோட்டச் செலவோடு கலந்துவிட்டால், நட்டத்தில் ஓடும் பயிரும் இலாபம் போலத் தோன்றும். அனுப்புபவரின் உழைப்பு ஆண்டுதோறும் மண்ணில் கரைவதை எவரும் உணரார். அப்பணத்தைத் தோட்டத்தில் இடுதல் தவறன்று. இட்டதைத் தனியே எழுதாது விடுதலே தவறு.

4. கடன்

கடன் பெறுமுன் ஆண்டு வட்டியைக் கணக்கிடுக. "மாதம் நூற்றுக்கு மூன்று" என்பது சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது நூற்றுக்கு முப்பத்தாறு.

கடனின் தவணையும் பயிரின் காலமும் பொருந்துதல் வேண்டும். வெங்காயம் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், காலபோக நெல் ஆண்டுக்கு ஒருமுறையும் பணந்தருவன. போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கில் பரவிய நுண்கடன்களிற் பல வாரத் தவணையில் அறவிடப்பட்டன. நட்ட மறுவாரமே தவணை வந்தால், பயிர் அதனைச் செலுத்த இயலாது. வேறொரு கடனே செலுத்தும். அவ்வாறு கடன்மேற் கடனாகி அல்லலுற்ற குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், பலர். அறுவடையின் பின் மீளச் செலுத்தும் பயிர்ச்செய்கைக் கடனைப் பற்றி வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் முதலில் விசாரித்தல் வேண்டும்.

கிணறு ஆழமாக்குதல், இயந்திரம் வாங்குதல் போன்ற நீண்டகால வேலைகளுக்குக் குறுங்காலக் கடன் பெறலாகாது. வியாபாரியிடம் முற்பணம் பெற்றவர் விலை பேசும் உரிமையையும் அவரிடமே கொடுத்துவிடுகின்றார் என்பதையும் மறவாதிருக்குக.

5. நல்ல விலையை நம்பி ஏமாறற்க

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டுத் தோட்டக்காரர் நல்ல விலை பெற்றனர். 1977 இல் வந்த புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது, விலை வீழ்ந்தது. நல்ல காலத்து வருமானத்தில் கடன் தீர்த்தவர், கிணறு திருத்தியவர், பிள்ளைகளைப் படிப்பித்தவர் தாக்குப்பிடித்தனர். அவ்விலை என்றும் நிற்கும் என்று நம்பிக் கடன் வளர்த்தவர் இடர்ப்பட்டனர்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய அடி விழுந்தது. 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மண்ணெண்ணெயில் இறைப்பவருக்கு ஒவ்வொரு இறைப்பும் ஏறக்குறைய நான்கு மடங்கு செலவாயிற்று. கைமுதல் இருந்தவர் பயிரைக் காத்தார். இல்லாதவர் வாட விட்டார்.

ஆகவே அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் அதனைப் பின்வரும் ஒழுங்கில் பிரித்தல் வேண்டும்: முதலில் கடனும் வட்டியும்; அடுத்து, வரும் பயிருக்கான விதையும் எரிபொருளும்; பின்னர், இயந்திரத் தேய்வுக்கும் இடர்க்காலத்துக்குமான சேமிப்பு; ஈற்றில் வீட்டுச் செலவும் கொண்டாட்டமும். பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

6. வருமான வரி: அறியவேண்டியவை

இப்போது நடைமுறையிலுள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆகும். வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31 இல் முடிவுறும். கமத்துக் கணக்கையும் இவ்வாண்டுக்கு இசைய மூடினால் இரட்டை வேலை இல்லை.

விளைபொருளைப் பதப்படுத்தாது விற்றுப் பெறும் கமத்தொழில் இலாபத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து மதிப்பாண்டுகளுக்கு விலக்கு வழங்கப்பட்டிருந்தது. அக்காலம் 2024 மார்ச் 31 உடன் முடிவுற்றது. "கமக்காரருக்கு வரியில்லை" என்று பழைய நினைவில் இருப்பவர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

எனினும் அஞ்ச வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 1 இல் தொடங்கிய மதிப்பாண்டிலிருந்து தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 1,800,000 ரூபா. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சம் ரூபாவுக்கு வரி நூற்றுக்கு ஆறு. அதன்மேல் வீதம் படிப்படியாக உயரும். எடுத்துக்காட்டாக, ஆண்டு வருமானம் 2,000,000 ரூபா எனின், வரிக்குரியது 200,000 ரூபா. வரி 12,000 ரூபா. சிறு கமக்காரர் பெரும்பாலும் நிவாரண எல்லைக்குள்ளேயே அமைவர். ஆனால் ஆசிரியச் சம்பளம், கடை, வீட்டு வாடகை, வைப்பு வட்டி முதலியன உள்ளவர் அவற்றைக் கமத்து இலாபத்தோடு கூட்டியே பார்த்தல் வேண்டும்.

நிலையான வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்குப் பத்து வங்கியிலேயே பிடிக்கப்படுகின்றது. மொத்த வருமானம் நிவாரண எல்லையைத் தாண்டாதவர் அதற்குரிய பிரகடனத்தை வங்கியில் கொடுத்து அப்பிடிப்பைத் தவிர்க்கலாம். அறியாமையால் இத்தொகையை இழக்கும் முதியோர் உளர். பிள்ளைகள் அவர்களுக்கு உதவுக.

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெறுவதனால் மட்டும் ஒருவர் வரி செலுத்த வேண்டியவர் ஆகிவிடார். வரிக்குரிய வருமானம் உள்ளவர் விவரத்திரட்டை மதிப்பாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 க்குள் ஒப்படைத்தல் வேண்டும். வரித் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களில் வருவன. வீதங்களும் எல்லைகளும் மாறக்கூடியன. ஆண்டுதோறும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டுத் தெளிக.

வருமானத்தை மறைத்தல் குற்றம். செலவை எழுதாது விட்டு வேண்டாத வரியைச் செலுத்துதல் பேதைமை. நேரிய கணக்கு இவ்விரண்டினின்றும் காக்கும்.

7. பதிவும் காப்புறுதியும்

செய்கை நிலத்தைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்து வைத்திருக்குக. உரமானியம், இழப்பீடு ஆகியவற்றுக்கு அப்பதிவு அடிப்படை. வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழிந்தால் தாமதியாது அறிவித்தல் வேண்டும். எத்தனை பரப்பு, எவ்வளவு செலவு என்ற கேள்விக்குக் கணக்குப் புத்தகமே சிறந்த விடை.

முடிவுரை

கணக்கு எழுத நாளொன்றுக்குச் செல்லும் நேரம் ஒரு பாத்திக்கு நீர் கட்டும் நேரத்தினும் குறைவு. வரும் போகத்தில் ஒரே ஒரு பயிருக்காவது முழுக் கணக்கு எழுதிப் பாருங்கள். எழுதுவதற்கு நேரமில்லாதவர் வீட்டிலே படிக்கும் பிள்ளையிடம் அப்பணியை ஒப்படைக்கலாம். தந்தை ஈட்டும் பணம் எவ்வாறு வருகின்றது என்பதைப் பிள்ளையும் அறியும். அறுவடை முடிந்ததும் அக்கொப்பியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அடுத்து எப்பயிர் செய்வதென ஆலோசித்துத் தீர்மானியுங்கள்.