படகில் எத்தனை பேர் ஏறலாம்?

சென்ற குளிர்காலத்தில் நம் சங்கத்து அன்பர்கள் சில குடும்பங்களாக ஓர் ஏரிக்கு உல்லாசப் பயணம் போயிருந்தோம். '12 பேர்' என்று எழுதிய படகு. நாங்களோ 17 பேர். "சலேகா சாப், பச்சே ஹை" என்றார் படகுக்காரர். குழந்தைகள்தானே என்று நானும் காலை எடுத்து வைத்தேன். என் மனைவி மட்டும் கரையிலேயே நின்றாள். "12 என்று எழுதியிருக்கிறதே, அது யாருக்காக?" என்றாள். முப்பது வருஷம் பொறியாளராக இருந்த எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நடையாகப் போய் வந்தோம்.

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை இங்கே தருகிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. தட்டையான அடிப்பாகமுள்ள படகு ஒன்றின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 1 செ.மீ. அமிழ்ந்தால் 100 லிட்டர் நீரை, அதாவது 100 கிலோவை விலக்கும். கூடுதலாக 5 பேர் ஏறினால், ஆளுக்கு 60 கிலோ வீதம் 300 கிலோ. படகு 3 செ.மீ.தான் அதிகம் அமிழும். "இவ்வளவுதானே!" என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

பெரிய ஆபத்து அமிழ்வதில் இல்லை; சாய்வதில் இருக்கிறது. கூட்டம் மிகுந்தால் இடமின்றிச் சிலர் நிற்பார்கள். அப்போது புவியீர்ப்பு மையம் உயர்ந்து படகு நிலை தளரும். பலர் ஒரே பக்கம் நகர்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொடும். உள்ளே புகுந்த நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடிச் சாய்வைக் கூட்டும். பிறகு நிமிர்த்த நேரமிருக்காது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு 22 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹரணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கினர். அந்தப் படகிலும் அளவுக்கு மீறிய கூட்டம்; எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை.

எண் எழுதப்படாத சிறு விசைப்படகுகளுக்கு அமெரிக்காவில் ஓர் எளிய வாய்பாடு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 18 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 108. வகுத்தால் 7 பேர். இது 20 அடிக்கு உட்பட்ட படகுக்கும் அமைதியான நீருக்கும்தான். காற்று வீசினால் இன்னும் குறைக்க வேண்டும். மூட்டை முடிச்சும் எடைதான்.

குழந்தை எடையில் குறைவு, உண்மை. ஆனால் எழுந்து நிற்பதும் ஓரத்துக்கு ஓடுவதும் அவர்கள்தாமே! ஆகையால் தலைக்கு ஒன்று என்றே எண்ணுங்கள்.

ஏறுமுன் மூன்று கேள்விகள்: எத்தனை பேருக்கான படகு? இப்போது எத்தனை பேர்? எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அன்று இரண்டாம் நடைக்காகக் கரையில் அரைமணி நேரம் காத்திருந்தோம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.